எந்த ‘ஏலாது’?

நந்திக்கடல் ஓரத்தில் ஒருவரிடம் “வீச்சுவலை போட வாறியளோ?” என்று கேட்கிறோம். வருவதற்கில்லை என்று சொல்ல அவரிடம் குறைந்தது ஐந்து பதில்கள் உண்டு. “எனக்கு வலை வீசத் தெரியாது.” “இண்டைக்கு எனக்கு ஏலாது, காய்ச்சல்.” “தண்ணி கூடிப்போச்சு, இப்ப இறங்கேலாது.” “அதுக்குள்ள இறங்கக்கூடாதெண்டு சொல்லியிருக்கினம்.” “நான் வரமாட்டன்.”

முதற் பதில் கற்காத வித்தையைச் சொல்கிறது. இரண்டாவது உடலின் வலுக் குறைவை. மூன்றாவது வெளி நிலைமையை. நான்காவது பிறர் விதித்த தடையை. ஐந்தாவது மனம் இல்லாமையை. வன்னியில் ஐந்து வயதுப் பிள்ளைகூட இவற்றை ஒன்றோடொன்று மாற்றிப் பேசாது. ஆனால் ஆங்கிலம் பேசுகிற ஒருவர் ‘ஐ கான்ட்’ என்ற இரண்டே சொற்களால் முதல் நான்கையும் சொல்லி முடித்துவிடுவார். நாசூக்காக மறுக்க விரும்பினால் ஐந்தாவதையும் அதற்குள் ஒளித்துவிடுவார்.

இலங்கைப் பாடசாலைகளில் ஆங்கிலம் தரம் 3 முதல் முறையான பாடம். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ அதைப் படிக்கும் பிள்ளைக்கு ‘கேன்’ என்றால் ‘முடியும்’, ‘கான்ட்’ என்றால் ‘முடியாது’ என்று சொல்லிக் கொடுக்கிறோம். அது பிழையில்லை. ஆனால் அந்த ஒற்றை வரிக்குள் நிற்காத பெரிய விடயம் ஒன்று இருக்கிறது. ஓர் ஆள் ஒன்றைச் செய்ய வல்லவர் என்று சொல்வதற்கு உலக மொழிகள் எடுத்த வழிகள் வியப்பானவை. தமிழும் ஆங்கிலமும் அந்த வழியில் பல இடங்களில் சந்திக்கின்றன. அதை அறிந்த பிள்ளைக்கு ஆங்கிலத் துணைவினைகள் மனனம் செய்யவேண்டிய பட்டியலாக இருக்கமாட்டா.

அறிவிலிருந்து ஆற்றல்

‘கேன்’ என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘தெரியும்’ என்பதே பொருள். ஒருவரைத் தெரியும், ஒரு மொழி தெரியும், ஒரு வேலை செய்யத் தெரியும் என்றெல்லாம் சொல்ல அது பயன்பட்டது. ‘செய்யத் தெரியும்’ என்பதிலிருந்து ‘செய்யும் ஆற்றல் உண்டு’ என்ற பொருள் வளர்ந்தது. பிறகு ‘செய்ய வாய்ப்பு உண்டு’ என்றும், கடைசியாகச் ‘செய்ய அனுமதி உண்டு’ என்றும் விரிந்தது. ஜோன் பைபி, ரிவியர் பெர்கின்ஸ், வில்லியம் பக்லியூக்கா ஆகிய மூவரும் 76 மொழிகளை ஒப்பிட்டு 1994இல் வெளியிட்ட நூலில், தொடர்பில்லாத பல மொழிகளும் இதே வரிசையில் நகர்ந்திருப்பதைக் காட்டினார்கள். அறிவு, ஆற்றல், வாய்ப்பு, அனுமதி என்பதே அந்த வரிசை.

இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் மூல மொழியில் ‘அறி’ என்ற பொருளுடைய வேர் ஒன்று இருந்தது. ஆங்கிலத்தின் ‘கேன்’, ‘நோ’ என்ற இரண்டும் அதிலிருந்து பிறந்தவை. சமஸ்கிருதத்தின் ‘ஞானம்’ என்பதும் அதே வேரில் பிறந்ததே. அந்தச் சொல் தமிழுக்கு வந்து, நமது பாடசாலைகளில் ‘விஞ்ஞானம்’ என்று ஒரு பாடத்துக்கே பெயராகிவிட்டது. முல்லைத்தீவுப் பிள்ளையின் புத்தகப் பையில் இருக்கும் விஞ்ஞானப் பாடநூலின் தலைப்பும், ஆங்கிலப் பாடநூலில் வருகிற ‘கேன்’ என்ற சிறு சொல்லும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்த உறவுகள்.

‘ஹீ ஸ்விம்ஸ்’ என்று எஸ் சேர்க்கப் பழகிய பிள்ளை ‘ஹீ கேன்ஸ்’ என்று எழுதுவது இயல்பு. ஆசிரியர் சிவப்பு மையால் வெட்டுவார். ஏன் வெட்டுகிறோம் என்பதற்கும் இந்த வரலாற்றில்தான் விடை இருக்கிறது. ‘கேன்’ ஆதியில் ஓர் இறந்தகால வடிவம். ‘கற்றறிந்துகொண்டேன்’ என்பது அதன் பொருள். கற்றறிந்துகொண்டவருக்கு இப்போது தெரியும், ஆகவே அது நிகழ்காலப் பொருளுக்கு வந்துவிட்டது. ஆங்கிலத்தில் இறந்தகால வினை எஸ் ஏற்காது. ‘ஹீ சாங்’ என்போம், ‘ஹீ சாங்ஸ்’ என்று சொல்வதில்லை. பொருள் நிகழ்காலத்துக்கு வந்த பிறகும் வடிவம் பழைய பழக்கத்தை விடவில்லை. ‘கேன்’ இப்படி நிகழ்காலம் ஆகிவிட்டதால் அதற்கென்று புதிதாக ஓர் இறந்தகாலம் தேவைப்பட்டது. அதுதான் ‘குட்’. அதன் எழுத்துக்கூட்டலில் ஒலிக்காமல் கிடக்கும் எல் எழுத்து முதலில் இருந்ததில்லை. ‘வுட்’, ‘ஷுட்’ என்ற சொற்களில் எல் மரபாக இருந்தது. அவற்றைப் பார்த்து இதற்கும் பிற்காலத்தில் ஒட்டினார்கள். பிள்ளைகள் எழுத மறக்கும் அந்த எழுத்து, ஆங்கிலேயர்களே பிழையாகச் சேர்த்த எழுத்து.

முடிதலும் ஏற்றலும்

தமிழ் வேறு மொழிக் குடும்பம். 1816இல் சென்னையில் பிரான்சிஸ் எல்லிஸும், பின்னர் 1856இல் கால்டுவெல்லும் எடுத்துக்காட்டிய செய்தி அது. ஆனாலும் ‘நீந்தத் தெரியும்’ என்னும்போது நாம் பழைய ஆங்கிலேயர் நடந்த அதே வழியில்தான் நடக்கிறோம். ‘தெரி’ என்பதற்குக் கண்ணுக்குப் புலப்படுதல் என்ற பொருளும் உண்டு. ‘கரை தெரியுது’ என்கிறோம். ‘விடை தெரியுது’ என்கிறோம். ‘நீந்தத் தெரியும்’ என்கிறோம். காட்சி அறிவாகி, அறிவு ஆற்றலாகும் வழியை ஒரே சொல்லில் பார்க்கலாம்.

மற்றச் சொற்கள் வேறு வழிகளில் வந்தவை. ‘முடி’ என்பது நிறைவுக்கு வருதல். ‘இயல்’ என்பது பொருந்தி நடத்தல். ‘ஏல்’ என்பது ஏற்றுக்கொள்ளுதல், ஒத்துப்போதல். தமிழகத்தில் பேச்சு முழுவதையும் ‘முடியும்’ ஆள்கிறது. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் ‘ஏலும்’, ‘ஏலாது’ என்பவைதான் நாக்கில் முதலில் வரும். அவை எவ்வளவு புழங்குகின்றன என்றால், முன்வரும் வினையோடு ஒட்டி ஒரே சொல்லாகவே ஆகிவிட்டன: வரேலாது, செய்யேலாது, போகேலாது. ‘கேன் நாட்’ என்ற இரு சொற்கள் ‘கான்ட்’ என்று சுருங்கியதும் இதே விதமாகத்தான். அடிக்கடி புழங்கும் சொற்கள் தேய்ந்து ஒட்டிக்கொள்வது எல்லா மொழிகளிலும் நடக்கிறது.

‘கேன்’ ஒரு குறைவினை. ‘டு கேன்’ என்று சொல்ல வழியில்லை. எதிர்காலத்துக்கு ‘வில் கேன்’ என்றும் சொல்லமுடியாது. அந்த இடங்களை நிரப்ப, இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த ‘ஏபிள்’ என்ற சொல்லைத் துணைக்கு அழைத்து ‘வில் பி ஏபிள் டு’ என்கிறார்கள். நமது ‘ஏலும்’ என்பதும் அப்படியே. ‘விருந்தை ஏற்றான்’ என்று சொல்லலாம். ஆனால் ஆற்றலைக் குறிக்கும்போது அதற்கு நேரான இறந்தகாலம் பேச்சில் இல்லை. ‘ஏலுமாயிருந்தது’, ‘ஏலாமல் போச்சு’ என்று இன்னொரு வினையைச் சேர்த்தே நேற்றைய கதையைச் சொல்கிறோம். ஆங்கிலத்தின் இந்தக் குறை வன்னிப் பிள்ளைக்குப் புதிதல்ல.

ஆற்றல் யாருடையது என்பதைச் சொல்வதிலும் மொழிகள் வேறுபடுகின்றன. ஆங்கிலம் ஆளை எழுவாயாக முன்னே நிறுத்துகிறது: ‘ஐ கேன்’. எழுத்துத் தமிழ் மூன்றாம் வேற்றுமையைத் தருகிறது: ‘என்னால் முடியும்’. நம் பேச்சில் நான்காம் வேற்றுமையும் சரளமாக வரும்: ‘எனக்கு ஏலும்’. வவுனியாச் சந்தையில் பக்கத்தில் நின்று சிங்களத்தில் பேசுபவர் ‘மட்ட புளுவன்’ என்பார். அதுவும் ‘எனக்கு’ என்றே தொடங்குகிறது. இந்தியில் நீச்சல் தெரிந்தவர், நீந்துதல் தமக்கு ‘வருகிறது’ என்பார். நாமும் ‘அவளுக்குப் பாட்டு வரும்’ என்கிறோம். தெற்காசிய மொழிகள் பலவற்றில் ஆற்றல் என்பது ஆளிடம் வந்து சேரும் ஒன்று. ஆங்கிலத்தில் அது ஆள் செய்கிற ஒன்று. ‘டு மீ கேன்’ என்று எழுதும் பிள்ளை சிந்திக்காமல் எழுதவில்லை. தன் மொழியின் அமைப்பை ஒழுங்காக இன்னொரு மொழிக்குக் கொண்டுபோகிறது.

நேற்று முடிந்ததா?

ஆங்கிலம் படிப்போர் அதிகம் தடுமாறும் இடம் இறந்தகாலம். ‘சின்ன வயதில் எனக்கு நீந்த ஏலும்’ என்பதை ‘ஐ குட் ஸ்விம்’ என்று சொல்லலாம். ஆனால் ‘நேற்று வெள்ளத்துக்குள்ளாலும் பாடசாலைக்கு வரமுடிந்தது’ என்பதற்கு ‘ஐ குட் கம்’ என்று எழுதினால் ஆங்கிலக் காதுக்கு அது இடறும். ‘ஐ வாஸ் ஏபிள் டு கம்’ என்றே சொல்லவேண்டும். வியப்பு என்னவென்றால், வரமுடியாமற்போன நாளைச் சொல்ல ‘ஐ குடின்ட் கம்’ என்பது முழுக்கச் சரி. உடன்பாட்டில் பொருந்தாத சொல் எதிர்மறையில் மட்டும் எப்படிப் பொருந்துகிறது?

‘குட்’ சொல்வது பொதுவான ஆற்றலை. ஆற்றல் இருந்தது என்பதால் காரியம் நடந்தது என்று ஆகிவிடாது. கதவு திறந்திருந்தது என்றால் யாரோ உள்ளே போனார்கள் என்று பொருளில்லை. கதவு பூட்டியிருந்தது என்றால் யாரும் போகவில்லை என்பது உறுதி. ஆகவே எதிர்மறைக்குக் ‘குடின்ட்’ போதும். ஆனால் ஒரு நாள், ஒரு தடவை, உண்மையிலே செய்துமுடித்தோம் என்று சொல்ல அதற்கென்று இன்னொரு சொல் வேண்டும். ‘வாஸ் ஏபிள் டு’, ‘மேனேஜ்ட் டு’ என்பவை அதற்காக நிற்கின்றன. பார்த்தல், கேட்டல் போன்ற புலன் வினைகளுக்கு மட்டும் ஆங்கிலம் விலக்குத் தருகிறது. அலைச் சத்தம் கேட்டது என்பதை ‘ஐ குட் ஹியர்’ என்று ஒரு தடவைக்கும் சொல்லலாம்.

இந்த நுட்பத்தை மொழியியலில் ஆழமாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் ராஜேஷ் பட். 1999இல் அவர் எழுதியவற்றில் இந்தியையும் கிரேக்கத்தையும் சான்றாக எடுத்தார். அந்த மொழிகளில் ஆற்றலைக் குறிக்கும் வினை, நிகழ்வு முடிந்ததைக் காட்டும் வடிவத்தில் வந்தால், காரியம் நடந்தே தீர்ந்தது என்ற பொருள் தானாக வந்துவிடுகிறது. நடந்துகொண்டிருந்ததையோ வழக்கத்தையோ காட்டும் வடிவத்தில் வந்தால் வெறும் ஆற்றல் மட்டுமே மிஞ்சும்.

இதைத் தமிழுக்குப் பொருத்திப் பாருங்கள். ‘என்னால் வரமுடிந்தது’ என்று சொன்னவர் வந்துவிட்டார். ‘வரமுடிந்தது, ஆனால் வரவில்லை’ என்றால் கேட்பவர் முகம் சுளிப்பார். பழைய பொதுவான ஆற்றலைச் சொல்ல நாம் ‘முடிந்தது’ என்ற வடிவத்தை எடுப்பதில்லை. “முந்தியெண்டா எனக்கு ஏலும், இப்ப ஏலாது” என்று ‘உம்’ ஈற்றையே பிடித்துக்கொள்கிறோம். “அப்பு முந்தி ஒரே மூச்சில குளத்தைக் கடப்பார்” என்று எதிர்கால வடிவத்தால் பழைய வழக்கத்தைச் சொல்கிறோம். ஆங்கிலம் ‘குட்’, ‘வாஸ் ஏபிள் டு’ என்று இரு சொற்களால் பிரிப்பதைத் தமிழ் ‘முடியும்’, ‘முடிந்தது’ என்ற ஒரே சொல்லின் இரு வடிவங்களால் பிரிக்கிறது. இரணைமடுப் பக்கத்துப் பிள்ளை இந்த வேறுபாட்டை நடைபழகும் வயதிலிருந்தே அறியும். அது தடுமாறுவது, ‘குட்’ என்பதை ‘முடிந்தது’ என்று யாரோ எழுதிக் கொடுத்ததால்தான். ‘முந்தி ஏலும்’ என்று எழுதிக் கொடுத்திருந்தால் பாதித் தடுமாற்றம் வந்திராது.

எதை வைத்துப் பார்த்தால்?

ஒரே ‘கேன்’ இத்தனை பொருள்களைச் சுமப்பது எப்படி? அகராதி பல பொருள்களைத் தனித்தனியாக எண் போட்டு அடுக்கும். ஜெர்மானிய மொழியியலாளர் அங்கெலிகா கிராட்சர் 1977இல் வேறொரு விடை தந்தார். ‘கேன்’ என்பதற்கு ஒரே பொருள்தான்: ‘இதற்கு இடமுண்டு’. எதை வைத்துப் பார்த்தால் இடமுண்டு என்பதைச் சூழ்நிலை நிரப்புகிறது. கற்ற வித்தையை வைத்துப் பார்த்தால், உடல் வலுவை வைத்துப் பார்த்தால், சட்டத்தை வைத்துப் பார்த்தால் என்று அந்த வெற்றிடத்தை நிரப்ப நிரப்பப் பொருள் மாறுகிறது.

மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகளுக்கு அருகில் வாழ்ந்த வன்னி மக்களுக்கு இது ஏட்டுக் கோட்பாடு அல்ல. போருக்குப் பிறகு தம் காணிகளுக்குத் திரும்பிய பலர் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளைப் பார்த்து நின்றார்கள். காலில் வலு உண்டு. பாதை சமதரை. காணி உறுதியும் கையில் உண்டு. ஆனாலும் “உதால போகேலாது.” உடலை வைத்துப் பார்த்தால் ஏலும், உரிமையை வைத்துப் பார்த்தாலும் ஏலும், மண்ணுக்குள் இருப்பதை வைத்துப் பார்த்தால் ஏலாது. கிராட்சர் சொன்ன வெற்றிடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பது அங்கே உயிரோடு தொடர்புடைய கேள்வி.

கிராட்சர் பின்னர் எடுத்த இன்னோர் எடுத்துக்காட்டு ஒரு பூஞ்செடி பற்றியது. அதை நாம் பனையாக மாற்றிக்கொள்ளலாம். முன்பின் அறியாத ஒரு நாட்டில் இறங்கி மண்ணையும் வெயிலையும் பார்க்கிறோம். ‘இங்கே பனை வளரும்’ என்று சொல்ல அந்த மண்ணும் வெயிலுமே போதும். ஒரு பனைகூட அங்கே இல்லாவிட்டாலும் கூற்று பொய்யாகாது. ‘இங்கே பனை நிற்கக்கூடும்’ என்பது அப்படியல்ல. அது நமது அறிவைப் பற்றிய கூற்று. அந்த நாட்டில் பனையே இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகு அதைச் சொல்லமுடியாது. முதலாவதற்கு ஆங்கிலம் ‘கேன்’ என்பதையும் இரண்டாவதற்கு ‘மைட்’ என்பதையும் எடுக்கிறது.

அதே ‘கூடும்’ எதிர்மறையாகும்போது நடப்பது இன்னும் வியப்பு. ‘மழை வரக்கூடும்’ என்பது ஊகம். ‘வரக்கூடாது’ என்பதோ பெரும்பாலும் தடை. உடன்பாட்டில் நமது ஊகத்தைச் சொன்ன சொல் எதிர்மறையில் ஆளைக் கட்டுப்படுத்துகிறது. ஆற்றலைக் குறிக்கும் சொற்கள் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. ஆங்கிலத்தின் ‘மே’ ஒரு காலத்தில் உடல் வலுவைக் குறித்தது. ‘மைட்’ என்ற பெயர்ச்சொல்லில் அந்த வலு இன்னமும் இருக்கிறது. இன்று ‘மே’ அனுமதிக்கும் ஊகத்துக்கும் நகர்ந்துவிட்டது. பழந்தமிழில் ‘மாட்டேன்’ என்றால் ‘என்னால் இயலாது’; இன்று அது ‘செய்ய மனமில்லை’. ஆனாலும் “வாட்டர் பம் ஸ்டார்ட் ஆகமாட்டன் எண்டு நிக்குது” என்னும்போது, மனமே இல்லாத இயந்திரத்தின் இயலாமையை மறுப்பாகச் சொல்கிறோம். ஆங்கிலேயரும் அந்த இடத்தில் ‘வோன்ட் ஸ்டார்ட்’ என்றே சொல்வார்கள். இயலாமைக்கும் மறுப்புக்கும் இடையிலுள்ள எல்லையை இரு மொழிகளும் இரு திசைகளிலும் கடந்திருக்கின்றன.

அந்த எல்லை எவ்வளவு முக்கியம் என்பதைப் புறநானூற்றின் 196ஆம் பாட்டில் ஆவூர் மூலங்கிழார் பாண்டியன் நன்மாறனுக்கு முகத்துக்கு நேரே சொன்னார். கொடுக்க இயன்றதை இயலும் என்று கொடுப்பதும், இயலாததை இல்லை என்று மறுப்பதும் இரண்டுமே நட்பின் பாற்பட்டவை. இயலாததை இயலும் என்பதும், இயன்றதை இல்லை என்பதும் கேட்டு வந்தவரை வருத்தும்; கொடுப்பவர் புகழையும் கெடுக்கும். முடியும், முடியாது என்று சொல்வதில் உண்மை வேண்டும் என்பது நம் மரபில் அவ்வளவு பழைய அறம்.

காதுக்கும் மரியாதைக்கும்

பேச்சில் ‘கேன்’ எது, ‘கான்ட்’ எது என்று பிரித்தறியப் பலரும் கடைசி ட் ஒலிக்காகக் காத்திருக்கிறார்கள். அது பெரும்பாலும் அடுத்த சொல்லில் கரைந்துவிடும். காதை வைக்கவேண்டிய இடம் உயிரொலியும் அழுத்தமும். உடன்பாட்டில் ‘கேன்’ அழுத்தமின்றி, ‘கன்’ என்று கேட்கும் அளவுக்குக் குறுகிவிடும். அழுத்தம் அடுத்த வினையில் விழும். எதிர்மறையில் ‘கான்ட்’ என்று நீண்டு, அழுத்தமும் பெறும். பிரித்தானிய உச்சரிப்பைத் தழுவிய இலங்கை ஆங்கிலத்தில் இந்த நீட்சி தெளிவாகவே கேட்கும்.

வேண்டுகோளில் ‘கேன் யூ’ என்பதைவிடக் ‘குட் யூ’ பணிவானது. இறந்தகால வடிவம் செயலைக் காலத்தால் தள்ளி வைக்கிறது. அந்தத் தூரமே மரியாதையாக மாறுகிறது. நாம் அதே வேலையை ‘ஒருக்கா’ என்ற சொல்லாலும் ஓகார வினாவாலும் செய்கிறோம். “ஒருக்கா வர ஏலுமோ?” என்பதில் கட்டளையின் கூர் முழுவதும் மழுங்கிவிடுகிறது.

வகுப்பறைக்கு

இந்த அறிவுக்கு வன்னியில் அவசரமான தேவை இருக்கிறது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. தமிழில் உயர்தரம் படித்துக் கிளிநொச்சிக்கு வரும் பிள்ளை பொறியியலை ஆங்கிலத்தில் படிக்கவேண்டும். ஒரு பாலம் தாங்கக்கூடிய சுமை, ஒரு வால்வு தாங்கமுடியாத அழுத்தம், செய்யக்கூடாத இணைப்பு என்று அந்தப் பாடங்கள் முழுவதும் ‘கேன்’ என்பதும் அதன் உறவுகளும்தான். அவற்றைப் பிழையாக வாசித்தால் கணக்கே பிழைக்கும்.

போரும் இடப்பெயர்வும் இந்த மண்ணில் ஒரு தலைமுறையின் படிப்பை முறித்தன. அதன் பிறகு ஆங்கிலம் என்றதும் பல பிள்ளைகள் ‘எனக்கு வராது’ என்று ஒதுங்குவதைக் காண்கிறோம். அந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. ஆசிரியர்கள் செய்யக்கூடியது எளிமையானது. ‘கேன்’ என்பதற்கு ஒரே தமிழ்ச் சொல்லை எழுதிப்போடாமல், மொழிபெயர்க்கும் முன் ஒரு கேள்வி கேட்கப் பழக்கலாம்: இது எந்த ஏலாது? தெரியாததா, வலுவில்லாததா, நிலைமை விடாததா, தடுக்கப்பட்டதா, மனமில்லாததா? ஒரு தடவை நடந்து முடிந்ததா, முந்தி எப்போதும் இருந்ததா? விடை பிள்ளையின் வாயிலேயே இருக்கும். விடை கிடைத்ததும் ‘கேன்’, ‘குட்’, ‘வாஸ் ஏபிள் டு’, ‘மே நாட்’, ‘வோன்ட்’ என்ற சொற்களுள் எது பொருந்தும் என்று தேடுவது எளிது.

இதே கேள்வியைப் பிள்ளை தன்னிடமும் கேட்கலாம். ‘எனக்கு இங்கிலீஷ் வராது’ என்பது எந்த வகை? அது வலுவில்லாமை அல்ல. இன்னும் கற்காத ஒன்று, அல்லது கற்க வாய்ப்புக் கிடைக்காத ஒன்று. கற்காததைக் கற்கலாம், கிடைக்காத வாய்ப்பை ஊரும் பாடசாலையும் அரசும் சேர்ந்து உண்டாக்கிக் கொடுக்கவேண்டும். ‘கற்றறிந்துகொண்டேன்’ என்பதுதான் ‘கேன்’ என்ற சொல்லுக்கே முதற்பொருள்.